ஏழாம் லைனின் ஒரு நிமிடம்

மூச்சுவிட நேரமில்லை என்று நாளுக்கு நாற்பது தடவை சொல்கிறவர்களுக்கு மூச்சுவிடக் கற்றுக்கொடுக்க ஒரு அம்மாளை ஏற்பாடு செய்தது சட்டைக் கம்பெனி நிர்வாகம். சட்டை வாங்குகிற பெரிய கடைக்காரர்கள், உங்கள் தொழிலாளிகளின் மனநலத்துக்கு என்ன செய்கிறீர்கள் என்று கடிதம் எழுதிக் கேட்டிருந்தார்களாம். சம்பளத்தைப் பற்றிக் கேட்காமல் மனநலத்தைப் பற்றிக் கேட்டது நிர்வாகத்துக்கும் சௌகரியமாகப் போயிற்று. காற்று இலவசம்தானே.

வந்த அம்மாளுக்கு அன்று சாயங்காலத்துக்குள் ‘மூச்சு மேடம்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்தத் தையல் கூடத்தில் பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் நிலைத்ததில்லை. ஏழாம் லைன் சூப்பர்வைசருக்கு ‘நொடிமுள்’ என்று பெயர். நிற்காது, ஓடிக்கொண்டே இருக்கும், கிட்டே போனால் குத்தும் என்று விளக்கம் வேறு வைத்திருந்தார்கள். அது அவள் காதுக்கும் எட்டியிருந்தது. கோபப்படவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்தக் கதை அந்த நொடிமுள்ளையும் அவளுடைய தங்கையின் வலது கையையும் பற்றியது. கை இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் அந்தக் கையால் ஒரு பட்டன் போட முடியாது, ஆறு வயது மகளுக்குத் தலை பின்ன முடியாது. யார் காரணம் என்று கேட்டால் கம்பெனி, வயதைக் காட்டும். டாக்டர் நரம்பைக் காட்டுவார். நொடிமுள் தன்னைத்தான் காட்டிக்கொள்வாள். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்பதுதான் வருத்தம்.

மூச்சு மேடம் சொல்லிக்கொடுத்தது பெரிய வித்தையெல்லாம் இல்லை. பதினொரு மணிக்கும் இரண்டு மணிக்கும் நாலரைக்கும் கூடத்தில் ஒரு மணி அடிக்கும். அடித்ததும் மெஷினை நிறுத்திவிட்டு, இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி ஒரு நிமிடம் இருக்க வேண்டும். முதல் நாலைந்து மூச்சை வெறுமனே கவனிக்க வேண்டும். பிறகு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை ஒவ்வொரு இடமாக மனசால் தொட்டுக்கொண்டு போக வேண்டும். எங்கே வலிக்கிறது, எங்கே இறுகியிருக்கிறது, எங்கே மரத்துக் கிடக்கிறது என்று பார்த்தால் போதும். சரிசெய்யக்கூட வேண்டாம். வீட்டிலும் இப்படிச் செய்யலாம், பாத்திரம் கழுவும்போது தண்ணீரைப் பாருங்கள், மாடி ஏறும்போது படியைப் பாருங்கள் என்றார். படியைப் பார்க்காம ஏறினா பல்லு போகாதா மேடம் என்று பின்வரிசையிலிருந்து ஒருத்தி கேட்க, கூடமே சிரித்தது. மூச்சு மேடமும் சேர்ந்து சிரித்தார்.

நொடிமுள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் மனசுக்குள் பெருக்கிக்கொண்டிருந்தாள். ஏழாம் லைனில் நாற்பது பேர். ஆளுக்கு மூன்று நிமிடம் என்றால் நூற்றிருபது நிமிடம். தினமும் இரண்டு மணி நேர வேலை கண்ணை மூடிக்கொண்டு காற்றில் போகப்போகிறது. கூடத்துச் சுவரில் ஒரு பெரிய பலகை உண்டு. எந்த லைன் எத்தனை சட்டை முடித்தது என்று அதில் மணிக்கு மணி எழுதுவார்கள். அந்தப் பலகையில் ஏழாம் லைன் மூன்றாவது இடத்துக்குக் கீழே இறங்கியதே கிடையாது. பதினாறு வருடம் உழைத்ததற்கு அவளுடையது என்று அங்கே இருந்தது அந்த இடம் ஒன்றுதான்.

முதல் வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். இரண்டாம் வாரம் ஒரு யோசனை பிறந்தது. தைத்து முடித்த சட்டையில் ஓரங்களில் நூல் பிசிறு தொங்கிக்கொண்டிருக்கும். அதை வெட்டுவதற்கு லைனின் கடைசியில் இரண்டே பேர்தான். ஏழாம் லைனில் சட்டை எப்போதும் மலையாகத் தேங்குவது அவர்களிடம்தான். மெஷினைத்தானே நிறுத்தச் சொன்னார்கள், கையையும் நிறுத்தினால் யாருக்கு என்ன லாபம்? ஸ்டோரில் சொல்லி நாற்பது சின்னக் கத்தரி வாங்கிவந்தாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தி அழுத்தி வெட்டுகிற கத்தரி. மணி அடித்ததும் ஆளுக்கொரு சட்டையை மடியில் போட்டுப் பிசிறு வெட்ட வேண்டும் என்றாள்.

“மூச்சு பாட்டுக்கு மூச்சு போகட்டும், கை பாட்டுக்குக் கை போகட்டும். மூச்சு விடாதீங்கன்னு நான் சொல்லலையே” என்றாள்.

அன்றிலிருந்து அந்த ஒரு நிமிடத்தில் கூடம் முழுவதும் அடங்கிப் போகும். மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்கும். ஏழாம் லைனில் மட்டும் கிச் கிச் என்று நாற்பது கத்தரி பேசிக்கொண்டிருக்கும். நொடிமுள் குனிந்தபடி லைன் நெடுக நடந்து, வெட்டி முடித்த சட்டைகளை எண்ணி எடுப்பாள். அந்த மாதம் பலகையில் ஏழாம் லைன் முதல் இடத்துக்கு வந்தது. ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும், இந்தம்மாவுக்கு அந்த வித்தை தெரியும் என்று மேனேஜர் எல்லார் முன்னாலும் பாராட்டினார். மாடுகளின் அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை.

அந்த நாற்பது பேரில் மூன்றாம் மெஷினில் உட்கார்ந்து காலர் பொருத்துகிறவள்தான் தங்கை. அம்மா போனபோது தங்கைக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பத்தொன்பது. அன்றைக்குத் தங்கையின் தலையை வாரிப் பின்னிவிட்டதிலிருந்து, அவளைப் பள்ளிக்கு அனுப்பி, ஆளாக்கி, கட்டிக்கொடுத்ததுவரை எல்லாம் அக்காதான். அதற்காகத் தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, கடைசியில் அது எங்கே போய் விழுந்தது என்று அவளுக்கே தெரியாமல் போயிற்று. தங்கை வீட்டுக்காரன் லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் நாலு நாள் முகம் காட்டுவான். அதனால் தங்கையும் அவள் மகளும் அக்காவோடு இரண்டு அறை வீட்டில் இருந்தார்கள்.

நாலு வருடத்துக்கு முன்னால் தங்கையை லைனில் சேர்த்துவிட்ட அன்றே நொடிமுள் ஒரு சட்டம் போட்டாள். லைனில் நான் உனக்கு அக்கா கிடையாது, மேடம் என்றுதான் கூப்பிட வேண்டும், வீட்டு விஷயம் எதுவும் அங்கே பேசக் கூடாது என்றாள். சலுகை காட்டுகிறாள் என்று ஒரு வாய் சொல்லிவிடக் கூடாதே என்கிற பயம் அவளுக்கு. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் தங்கை, அந்த மூணாம் மெஷின்ல மிதி ரொம்ப இறுக்கமா இருக்கு என்று ஆரம்பித்தாள். வீட்டுக்குள்ள ஃபேக்டரியைக் கொண்டுவராதே, செருப்போட சேர்த்து அதையும் வாசல்லயே விட்டுடு என்றாள் அக்கா. இரண்டு சட்டமும் நாலு வருடம் மீறப்படாமல் நடந்தன. மற்றவளுக்கு ஒரு திட்டு விழுந்தால் தங்கைக்கு இரண்டு விழும். அதுதான் நேர்மை என்று அக்காக்காரி மனசார நம்பினாள்.

கத்தரி வந்த இரண்டாவது மாதத்திலேயே கை பேச ஆரம்பித்திருக்கிறது. காலையில் எழுந்ததும் தங்கை வலது கையைத் தண்ணீர் உதறுவதுபோல உதறிக்கொண்டிருப்பாள். தூங்கி எழுந்த சோம்பல் என்று அக்கா நினைத்தாள். பிறகு கண்ணாடி டம்ளர்கள் உடையத் தொடங்கின. ஒரே மாதத்தில் மூன்று. மூன்றாவது உடைந்தபோது அக்கா, “கவனம் எங்கேடி இருக்கு உனக்கு? கையில இருக்கிறதைப் பார்க்காம எங்கே பார்க்கிறே?” என்று சத்தம் போட்டாள். தங்கை சில்லுகளை இடது கையால் பொறுக்கினாள். இடது கையால் பொறுக்குகிறாளே என்று யாரும் கேட்கவில்லை. அடுத்த நாள் அக்கா ஆறு எவர்சில்வர் டம்ளர் வாங்கிவந்து வைத்தாள். அவளுக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான்.

அதே நாட்களில் ஆறாம் லைனில் பட்டன் தைக்கிற ஒருத்திக்கு, மணி அடித்துக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தபோது, மூன்று விரல்கள் மட்டும் தூங்கிக் கிடப்பது தெரிந்தது. மனசால் தொட்டுக்கொண்டே போனேன் மேடம், தோள் இருந்தது, முழங்கை இருந்தது, விரலுக்கு வந்தா அங்கே ஆளைக் காணோம் என்று தன் சூப்பர்வைசரிடம் சொன்னாளாம். கம்பெனி டிஸ்பென்சரியில் மணிக்கட்டுக்கு ஒரு பட்டை கட்டி, ஒன்றரை மாதம் சட்டை மடிக்கிற வேலைக்கு மாற்றிவிட்டார்கள். கை பழையபடி ஆயிற்று. இதைக் கேள்விப்பட்ட நொடிமுள் தன் லைன் முன்னால் நின்று சிரித்தாள். கண்ணை மூடிக்கிட்டா இல்லாத வியாதியெல்லாம் வரத்தான் செய்யும், நம்ம லைன்ல அந்தக் கதையே வேண்டாம் என்றாள். மூன்றாம் மெஷினில் இருந்தவளும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

நடுவில் ஒரு நாள் மூச்சு மேடம் மறுபடி வந்தார். பதினொரு மணி நிமிடத்தில் கூடத்தின் நடுவில் நின்றவர், கிச் கிச் சத்தம் வந்த பக்கம் நடந்து வந்து பார்த்தார். இது என்ன என்று கேட்டார். கைதான் மேடம் வேலை செய்யுது, மனசு மூச்சைத்தான் பார்த்துட்டு இருக்கு என்று நொடிமுள் நல்ல பிள்ளையாகச் சொன்னாள். மூச்சு மேடம் சண்டை போடுகிற ரகம் இல்லை.

“கை ஏதாவது சொல்லணும்னா இந்த ஒரு நிமிஷத்துலதாம்மா சொல்லும். அப்பவும் அதுக்கு வேலை குடுத்துட்டா, அது யார்கிட்ட சொல்லும்?” என்றார்.

நல்ல வார்த்தை மேடம் என்று தலையாட்டினாள் நொடிமுள். அவர் அடுத்த லைனுக்குப் போனதும் அந்த வார்த்தை தலையைவிட்டுப் போயிற்று. பேசுகிறவர்களுக்கு டார்கெட் கிடையாது என்று செக்கிங் மேசைக்காரியிடம் சொன்னாள். தனக்குத்தான் அந்த வார்த்தை சொல்லப்பட்டது என்று புரிந்துகொள்ள அவளுக்கு இன்னும் ஐந்து மாதம் ஆயிற்று.

அது ஒரு சாதாரண நாள். லைனில் வெள்ளைச் சட்டை ஓடிக்கொண்டிருந்தது. மதியம் மூன்று மணி இருக்கும். செக்கிங் மேசையிலிருந்து ஒரு சட்டை திரும்பி வந்தது. காலரில் சிவப்பாக ஒரு பொட்டு. பின்னாலேயே இன்னொரு சட்டை, அதிலும் பொட்டு. வெள்ளைச் சட்டையில் கறை என்றால் அது கழிவுதான். நொடிமுள் இரண்டு சட்டையையும் கையில் பிடித்துக்கொண்டு மூன்றாம் மெஷினுக்கு வேகமாக வந்தாள். கண்ணு தெரியலையா, கறை படிஞ்ச துணியை இப்படியா அனுப்புவே என்று ஆரம்பித்து, லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி நாலு வார்த்தை பேசினாள். தங்கை மெஷினை நிறுத்திவிட்டுத் தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். ஆள்காட்டி விரலில் நகத்துக்குப் பக்கத்தில் ஊசி இறங்கி ஏறிய துளை. ரத்தம் உள்ளங்கைவரை வழிந்து காய்ந்திருந்தது. அந்த விரலோடு அவள் அதற்குப் பிறகும் காலர் பொருத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

இதைப் பின்னாளில் நொடிமுள் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்வாள். ஊசி ஏறியதால் இல்லை. தையல்காரிகளுக்கு ஊசி ஏறுவது புதிதல்ல. தான் முதலில் பார்த்தது சட்டையை, விரலை இல்லை.

“வலிக்கலையாடி?” என்று கேட்டாள்.

“ஒண்ணும் தெரியலையே அக்கா” என்றாள் தங்கை.

நாலு வருடத்தில் லைனில் அவள் அக்கா என்று சொன்னது அதுதான் முதல் தடவை. சட்டத்தை மீறிவிட்டோம் என்றுகூட இருவருக்கும் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அதிகம் பேசாதவர். தங்கையை எதிரில் உட்காரவைத்து, இரண்டு கையையும் மேசைமேல் வைக்கச் சொன்னார். கண்ணை மூடிக்கொள்ளுங்கள், நான் தொடும்போது சொல்லுங்கள் என்றார். ஒரு மெல்லிய குச்சியால் வலது சுண்டுவிரலைத் தொட்டார், ம் என்றாள். இடது கையைத் தொட்டார், ம் என்றாள். வலது கட்டைவிரலைத் தொட்டார். தங்கை கண்ணை மூடிக்கொண்டு காத்துக்கொண்டிருந்தாள். ஆள்காட்டி விரலைத் தொட்டார், நடுவிரலைத் தொட்டார், கொஞ்சம் அழுத்தியே தொட்டார். இன்னும் தொடவில்லை என்று நினைத்து அவள் அமைதியாக உட்கார்ந்திருந்தாள். கையை மடக்காமல், அவசரமில்லாமல், மூச்சு மட்டும் வந்து போக, அப்படியே ஒரு நிமிடம். எட்டு மாதமாக நாளுக்கு மூன்று முறை அவளுக்குக் கிடைத்திருக்க வேண்டிய நிமிடம் இப்படித்தான் இருந்திருக்கும். அக்காக்காரி நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து அதை முதல்முறையாகப் பார்த்தாள்.

எத்தனை நாளாக இருக்கிறது என்று டாக்டர் கேட்டார். சரியாத் தெரியலை டாக்டர், யோசிச்சுப் பார்க்க நேரம் இல்லை என்றாள் தங்கை. மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கிறது, கட்டைவிரலுக்கு அடியில் இருக்கிற சதை வற்றிவிட்டது என்று டாக்டர் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார். அங்கே மேடாக இருக்க வேண்டிய சதை பள்ளமாகக் கிடந்தது. ஆப்பரேஷன் செய்தால் இதற்கு மேல் கெடாது, ஆனால் போனது பெரும்பாலும் திரும்பாது, தையலை மறந்துவிட வேண்டியதுதான் என்றார். வேலையில் கத்தரி மாதிரி ஏதாவது அழுத்திப் பிடிக்கிற பழக்கம் உண்டா என்று கேட்டார். தங்கை வாயைத் திறக்குமுன் அக்கா உண்டு என்றாள். ஆறு மாசம் முன்னாடி வந்திருந்தா ஒரு பட்டையோட போயிருக்கும் என்று சொல்லிக்கொண்டே டாக்டர் சீட்டில் எழுதினார். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். இது நரம்புதானே. எறும்பை ஏவிவிட்டவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

ஆப்பரேஷன் முடிந்து மூன்றாம் வாரம். காலை ஏழு மணி. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த சின்னக் குட்டியை முன்னால் உட்காரவைத்து அக்கா தலை பின்னிக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் இதே மாதிரி இவளுடைய அம்மாவுக்குப் பின்னிவிட்ட கை. தங்கை ஜன்னலோரம் உட்கார்ந்து, கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் டீ குடித்துக்கொண்டிருந்தாள். மூன்று வாரமாகக் கேட்காமல் வைத்திருந்த கேள்வியை அக்கா அப்போதுதான் கேட்டாள்.

“இத்தனை மாசமா ஏன்டி எங்கிட்ட சொல்லலை?”

தங்கை கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அக்காவுக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

“எங்கே சொல்றது? லைன்ல சொன்னா வீட்டு விஷயம்பே. வீட்ல சொன்னா ஃபேக்டரி விஷயம்பே. கை எந்த இடத்து விஷயம்னு எனக்குத் தெரியலை” என்றாள். லேசாகச் சிரித்தாள். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

“அந்த ஒரு நிமிஷம் இருக்குல்ல, மணி அடிச்சதும். மெஷின் சத்தம் எதுவும் இருக்காது. கை வெட்டிட்டு இருக்கும், கண்ணு உன்னைத்தான் பார்த்துட்டு இருக்கும். நீ நிமிர்ந்தா கையைத் தூக்கிக் காட்டிடலாம்னு இருப்பேன். வாயைத் திறந்து சொல்ல வேண்டாம், காட்டினாலே உனக்குப் புரிஞ்சுடும்னு நினைச்சேன். நீ ஒரு தடவைகூட நிமிரலைக்கா. சட்டையை எண்ணிட்டே போயிடுவே.”

அக்காவின் கை நின்றது. நின்றது என்று அவள் நினைத்தாள். பின்னலை இறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. நோகுது பெரிம்மா என்று குட்டி முனகினாள். அவள் சட்டென்று விட்டாள். பின்னல் பாதியில் அவிழ்ந்து முதுகில் விழுந்தது. அழக் கூடாது என்று நினைத்தாள், அழுதுவிட்டாள். குழந்தை திரும்பிப் பார்த்து, எனக்கு ரொம்ப நோகலை பெரிம்மா என்று சமாதானம் சொல்லிற்று.

எண்ணுகிற புத்தி லேசில் விடுமா? பஸ்ஸில் வேலைக்குப் போகும்போது கணக்குப் போட்டாள். நாளுக்கு மூன்று நிமிடம், மாதத்துக்கு இருபத்தைந்து நாள், எட்டு மாதம். அறுநூறு நிமிடம். பத்து மணி நேரம். பத்து மணி நேரம் தன் தங்கை தன்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை தலையைத் தூக்கியிருந்தால் போதும். அதற்கு ஒரு நிமிடம்கூட வேண்டாம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று அடுத்தவர்களை எத்தனை தடவை கேலி செய்திருப்பாள்.

அன்றைக்கே நாற்பது கத்தரியையும் ஒரு பெட்டியில் வாங்கிப்போட்டு ஸ்டோரில் திருப்பிக் கொடுத்தாள். இனிமேல் மணி அடித்தால் யாரும் எதுவும் செய்ய வேண்டாம், மற்ற லைன் மாதிரி கையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருங்கள் என்று லைனில் சொன்னாள். எல்லாரும் சரி மேடம் என்றார்கள். யாரும் நம்பவில்லை. ஏதோ புதுச் சோதனை வைக்கிறாள், யார் சும்மா உட்கார்கிறார்கள் என்று பார்த்துப் பெயர் எழுதப்போகிறாள் என்று சாப்பாட்டு நேரத்தில் பேசிக்கொண்டார்கள். பலகையில் ஏழாம் லைன் ஐந்தாம் இடத்துக்கு இறங்கியது. மேனேஜர் கூப்பிட்டுக் கேட்டார். மூச்சுவிட்டோம் சார் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

வீட்டில் பாத்திரம் கழுவும்போது மூச்சு மேடம் சொன்னபடி தண்ணீரைப் பார்க்க முயன்றாள். தண்ணீர் எவர்சில்வர் டம்ளரில் விழுந்தது. உடைந்துபோன மூன்று கண்ணாடி டம்ளர்தான் கண்ணில் நின்றது. மனசை அடக்கிக் கவனித்தால் நிம்மதி வரும் என்று அந்த அம்மாள் சொன்னதாக நினைவு. வந்தது நிம்மதி இல்லை. ஆனாலும் மறுநாளும் பார்த்தாள்.

மூன்றாம் மெஷினுக்குப் புது ஆள் வந்திருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும், இரண்டு பிள்ளைக்காரி, வேறு கம்பெனியில் காலர் பொருத்திய அனுபவம் உண்டு. வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் நொடிமுள்ளைப் பற்றி வேண்டியதெல்லாம் மற்றவர்கள் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

அன்று பதினொரு மணிக்கு மணி அடித்தது. மெஷின்கள் அடங்கின. மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. நொடிமுள் லைனின் முனையில் நின்று, கையில் எதுவும் இல்லாமல், நிமிர்ந்து பார்த்தாள். எட்டு மாதம் ஒருத்தி எதிர்பார்த்துக் காத்திருந்த பார்வை அது. அவள் நிமிர்ந்ததும் நாற்பது தலையும் ஒன்றாகக் குனிந்தன. கத்தரி இல்லாததால் சிலர் மடியில் சட்டையை எடுத்துப்போட்டு நகத்தால் பிசிறைக் கிள்ள ஆரம்பித்தார்கள்.

வேண்டாம்மா, வைங்க, வைங்க என்று சொல்லிக்கொண்டே அவள் நடந்தாள். அவள் குரலுக்கு அதட்டித்தான் பழக்கம். அதட்டலாகத்தான் வந்தது. கிள்ளுகிற விரல்கள் இன்னும் வேகமாகக் கிள்ளின. மூன்றாம் மெஷினுக்கு வந்து நின்றாள். புதியவள் எழுந்தே விட்டாள்.

“கை எப்படி இருக்கு?” என்று நொடிமுள் கேட்டாள்.

“இதோ முடிச்சுடறேன் மேடம். சாயங்காலத்துக்குள்ள டார்கெட் வந்துடும்.”

“டார்கெட்டைக் கேட்கலைம்மா. உன் கையைக் கேட்டேன்.”

புதியவள் ஒரு கணம் விழித்தாள். பிறகு, சாயங்காலம் வாசலில் காவல்காரரிடம் சோதனைக்குக் காட்டுவதுபோல, இரண்டு கையையும் விரித்து, திருப்பி, மறுபடி திருப்பிக் காட்டினாள்.

“ஒண்ணும் எடுக்கலை மேடம்” என்றாள்.

நொடிமுள் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். கட்டைவிரலுக்கு அடியில் சதை மேடாக, நன்றாகத்தான் இருந்தது. அதற்குள் நிமிடம் முடிந்து மறுபடி மணி அடித்தது. புதியவள் அவசரமாக உட்கார்ந்து மிதியை அழுத்தினாள். மெஷின்கள் எல்லாம் ஒன்றாக ஓடத் தொடங்கின. அதற்குமேல் அவள் என்ன கேட்டிருந்தாலும் யார் காதிலும் விழுந்திருக்காது.